சரளை கலந்த மலைக்காட்டு மண்: அந்த நீளமான பெயரை எப்படி வாசிப்பது?

கேள்வி சுருக்கமாக இதுதான். சேர்வராயன் மலைச் சரிவில், சுமார் 1,100 மீட்டர் உயரத்தில், காட்டை ஒட்டி 3 ஏக்கர் காபித் தோட்டம். மண்ணாய்வு அறிக்கை வந்திருக்கிறது. அதில் "கிளேயி-ஸ்கெலிட்டல், மிக்ஸ்ட், ஐசோஹைப்பர்தெர்மிக், டைப்பிக் ஹாப்ளுஸ்டால்ஃப்ஸ்" என்று ஒரு பெயர். நிலத்தில் 40 சதவீதம் சரளை என்றும் எழுதியிருக்கிறது. பக்கத்துத் தோட்டக்காரர், "கல்லைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, கீழேயிருந்து ரெண்டு லோடு செம்மண் கொண்டுவந்து கொட்டுங்க" என்கிறார். அந்தப் பெயருக்கு என்ன பொருள், மண்ணை மாற்றத்தான் வேண்டுமா?

முதலில் லாரியை நிறுத்துங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

இந்தச் சரளை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். சேர்வராயன் மலை பெரும்பாலும் சார்னோக்கைட் என்ற பாறையால் ஆனது. கொல்கத்தாவோடு பெயர் பிணைந்த ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குச் சென்னையிலிருந்து போன கல் அது. அதனால்தான் தாமஸ் ஹாலண்ட் 1893-இல் அந்தப் பெயரை வைத்தார். பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் பார்க்கிற அதே கருநீலக் கல்தான் உங்கள் தோட்டத்துக்கு அடியிலும் இருக்கிறது. இந்தப் பாறையில் இருக்கும் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் மழையிலும் வெப்பத்திலும் நைந்து களிமண்ணாகிறது. இரும்பு உள்ள கருங்கனிமங்கள் துருப்பிடித்துச் சிவப்பைத் தருகின்றன. குவார்ட்ஸ் மட்டும் எதற்கும் மசியாமல் அப்படியே நிற்கிறது. நம் ஊரில் வெங்கச்சங்கல் என்று சொல்கிறோமே, அந்த வெள்ளைக் கல்தான் அது.

ஏற்காட்டு மலைப்பாதையில் ஏறும்போது, சாலைக்காக வெட்டிய சரிவு எங்காவது புதிதாக இருந்தால் வண்டியை ஓரம் கட்டிப் பாருங்கள். மேலே ஒரு சாண் அளவுக்குக் கருப்பு, அதற்குக் கீழே சிவப்பு, சிவப்புக்குள் கற்கள். அந்தக் கற்கள் எல்லாம் ஒரே ரகம் இல்லை. விளிம்பு கூர்மையாக, கோணல்மாணலாக இருப்பவை மேல் சரிவிலிருந்து உருண்டும் சரிந்தும் வந்த பாறைத் துண்டுகள். ஒரே கோட்டில் பட்டையாக ஓடும் வெள்ளைக் கற்கள் பாறையில் இருந்த குவார்ட்ஸ் நரம்பின் மிச்சம். சுற்றியிருந்த பாறை முழுக்க மண்ணான பிறகும் அவை நின்ற இடத்திலேயே நிற்கின்றன. பட்டாணி போல உருண்டு, உடைத்தால் உள்ளே பழுப்பாக இருப்பவை இரும்புச் சரளை. மண்ணுக்குள் இரும்பு திரண்டு உருவானவை இவை. மலை உச்சியில் பாக்சைட்டும் லேட்டரைட்டும் உள்ள திட்டுகளிலிருந்து கீழே உருண்டு வருபவையும் உண்டு. ஒரு கைப்பிடிச் சரளையைக் கழுவி இந்த மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். உங்கள் மண் இருந்த இடத்திலேயே உருவானதா, மேலிருந்து இறங்கி வந்ததா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

சரி, இப்போது பெயர். இது அமெரிக்க மண் வகைப்பாட்டு முறை. 1975-இல் நூலாக வந்து, 1999-இல் இரண்டாம் பதிப்பு கண்டது. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய மண் அளவை மற்றும் நிலப்பயன்பாட்டுத் திட்டமிடல் நிறுவனமும் இந்த முறையைத்தான் பின்பற்றுகிறது. நம் பள்ளிப் பாடப் புத்தகத்தில் வண்டல், கரிசல், செம்மண், லேட்டரைட் என்று வரிசையாகச் சொல்லி, ஒரு மூலையில் 'மலை மற்றும் காட்டு மண்' என்றும் போட்டிருப்பார்கள். அது மண் இருக்கும் இடத்தைச் சொல்கிறதே தவிர, மண்ணைச் சொல்லவில்லை. ஒரே மலையில் முழங்கால் ஆழத்தில் பாறை முட்டுகிற மண்ணும் உண்டு, ஆள் உயரத்துக்குத் தோண்டினாலும் பாறை தட்டாத மண்ணும் உண்டு. இரண்டுக்கும் 'மலை மண்' என்று பெயர் வைத்தால் விவசாயிக்கு ஒரு பயனும் இல்லை. அமெரிக்கப் பெயர் வாயில் நுழையாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதன் ஒவ்வொரு துண்டுக்குள்ளும் ஓர் அளவீடு இருக்கிறது.

பெயரைக் கடைசியிலிருந்து முன்னால் வாசிக்க வேண்டும். 'ஹாப்ளுஸ்டால்ஃப்ஸ்' என்பதன் வாலில் இருக்கும் 'ஆல்ஃப்', ஆல்ஃபிசால் என்பதன் சுருக்கம். மொத்தம் உள்ள 12 பெரும்பிரிவுகளில் இது ஒன்று. ஆல்ஃபிசால் ஆக இரண்டு தகுதி வேண்டும். முதலாவது, மேல்மண்ணிலிருந்து களி கீழே இறங்கிப் படிந்த ஓர் அடுக்கு. உங்கள் அறிக்கையில் முதல் 16 செ.மீ.யில் களி 24 சதவீதம். அதற்குக் கீழே 48 செ.மீ. வரை 37, அதற்கும் கீழே 95 செ.மீ. வரை 42. மேல்மண்ணில் களி 15-லிருந்து 40 சதவீதத்துக்குள் இருந்தால், கீழடுக்கில் குறைந்தது 1.2 மடங்காவது இருக்க வேண்டும் என்பது விதி. உங்களுடையது ஒன்றரை மடங்குக்கு மேல். இதைக் கண்ணாலும் பார்க்கலாம். குழியின் சிவப்பு அடுக்கிலிருந்து ஒரு சரளைக் கல்லை மெதுவாகப் பெயர்த்தெடுங்கள். கல் இருந்த பள்ளத்தில் மெழுகு தடவினாற்போல ஒரு மினுமினுப்பு தெரியும். கல்லின் மேலும் அதே சிவப்புத் தோல் ஒட்டியிருக்கும். மழைநீரோடு இறங்கிவந்த களி படலம் படலமாகப் படிந்த இடம் அது. கல்லில்லாத மண்ணைவிடச் சரளை மண்ணில் இது நன்றாகத் தெரியும், ஏனென்றால் தண்ணீர் கல்லின் ஓரமாகத்தான் வழிந்து இறங்குகிறது.

இரண்டாவது தகுதி, ஆழத்தில் கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் போன்ற காரச்சத்துகளின் நிறைவு, அதாவது மண் சத்தைப் பிடித்துவைக்கும் இடங்களில் இவை நிரப்பியிருக்கும் பங்கு, 35 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பது. குறைந்தால் அது அல்டிசால். ஒரே பாறை, அதே சிவப்பு, ஆனால் சத்து கழுவிப்போன மண். இந்த அளவை மேல்மண்ணில் பார்க்க மாட்டார்கள். களி அடுக்குத் தொடங்கி 125 செ.மீ. கீழேயோ, அதற்கு முன்பே பாறை வந்துவிட்டால் பாறைக்குச் சற்று மேலேயோ பார்ப்பார்கள். இந்த விதியில் நல்ல யோசனை இருக்கிறது. நீங்கள் சுண்ணாம்பு போட்டால் மேல்மண் மாறும், அதற்காக மண்ணின் பெயர் மாறிவிடக் கூடாது. காட்டு மண்ணில் மரங்களும் இதைக் குழப்பும். ஆழத்து வேர் கால்சியத்தை இழுத்து இலைக்கு அனுப்புகிறது, இலை சருகாக விழுந்து மட்குகிறது. அதனால்தான் உங்கள் மேல்மண்ணில் பிஎச் 6.2, அடியில் 5.7 (இந்த எண் குறையக் குறைய மண்ணில் புளிப்பு, அதாவது அமிலம், கூடும்). மரம் இல்லாவிட்டால் மேல்மண்தான் முதலில் கழுவப்பட்டு அதிகம் புளித்திருக்கும். சில்வர் ஓக் நிழலை மட்டும் நம்பாமல் காட்டு மரங்கள் சிலவற்றையாவது விட்டு வையுங்கள் என்று நான் எல்லோரிடமும் கேட்டுக்கொள்வது இதற்காகத்தான்.

நடுவில் இருக்கும் 'உஸ்ட்', மண் ஈரத்தைப் பற்றியது. பெரும்பாலான ஆண்டுகளில் மண்ணின் குறிப்பிட்ட ஒரு பகுதி மொத்தம் 90 நாளுக்காவது காய்ந்து கிடக்கும், ஆனால் பயிர்க்காலத்தில் போதிய ஈரம் இருக்கும் என்று அர்த்தம். இரண்டு பருவமழையும் கோடை மழையும் கிடைக்கிற ஏற்காட்டில் மண் இப்படிக் காயுமா என்று தோன்றும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை தோட்டத்தில் நடந்து பார்த்தவர்களுக்குத் தோன்றாது. 'ஹாப்ளு' என்றால் இதைத் தவிரச் சொல்லும்படியான வேறு விசேஷம் இல்லை, 'டைப்பிக்' என்றால் அந்த வகைக்கு வழக்கமான மாதிரி. இந்த இரண்டிலும் நிற்க வேண்டாம்.

'ஐசோஹைப்பர்தெர்மிக்' என்பது மண்ணின் வெப்பம். 50 செ.மீ. ஆழத்தில் ஆண்டுச் சராசரி 22 டிகிரி அல்லது அதற்கு மேல். கோடைக்கும் குளிருக்கும் வித்தியாசம் 6 டிகிரிக்குக் குறைவு. இதை நீங்களே சரிபார்க்கலாம். சேலத்தில் ஆண்டுச் சராசரி சுமார் 28 டிகிரி. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 6 டிகிரி குறையும். உங்கள் தோட்டம் சேலத்தைவிட 800 மீட்டருக்குக் கொஞ்சம் அதிக உயரம், ஆக காற்று 23 டிகிரி வாக்கில். மண் காற்றைவிட ஒரு டிகிரியாவது சூடு, எனவே 24. கணக்கு ஒத்துப் போகிறது. இதே கணக்கில் சுமார் 1,450 மீட்டருக்கு மேலே போனால் 22-க்குக் கீழே இறங்கிவிடும், பெயரும் ஐசோதெர்மிக் என்று மாறும். ஏற்காடு ஏரிப் பக்கத்து மண்ணும் உங்கள் மண்ணும் இந்த ஒரு சொல்லிலாவது வேறுபட வாய்ப்புண்டு. மேலே போகப் போகச் சிவப்பு மங்கி மஞ்சள் பழுப்பு கூடுவதும் இதனோடு சேர்ந்ததுதான்: சூடும் வறட்சியும் உள்ள இடத்தில் இரும்பு ஹெமடைட்டாகிச் சிவக்கிறது, குளிரும் ஈரமும் உள்ள இடத்தில் கோதைட்டாக மஞ்சளாகிறது. 'மிக்ஸ்ட்' என்றால் கனிமங்கள் கலந்திருக்கின்றன, ஒன்றே மிஞ்சி நிற்கவில்லை என்பது மட்டுமே.

இனி முக்கியமான சொல்: 'கிளேயி-ஸ்கெலிட்டல்'. எலும்புக்கூட்டு மண் என்று பச்சையாகச் சொல்லலாம்; கல்தான் எலும்பு, மண் அதன் மேல் பற்றிய சதை. 2 மி.மீ.க்கு மேற்பட்டது எல்லாம் இந்தக் கணக்கில் கல். 75 மி.மீ. வரை சரளை, அதிலிருந்து 250 வரை உருட்டுக்கல், அதற்கு மேல் பெருங்கல். கன அளவில் 15 முதல் 35 சதவீதம் வரை சரளை இருந்தால் மண்ணின் பெயரோடு 'சரளை' என்று சேர்ப்பார்கள், 35 முதல் 60 வரை 'மிகுசரளை', 60-ஐத் தாண்டினால் 'மீமிகுசரளை'. ஸ்கெலிட்டல் என்ற பட்டத்துக்கு 35 சதவீதம் வேண்டும். அதோடு, சலித்த மண்ணில் களி 35 சதவீதத்துக்கு மேல் இருந்தால் 'கிளேயி' சேரும், குறைந்தால் 'லோமி'.

இங்கே ஒரு நுட்பம். இந்தச் சரளையையும் களியையும் மேல்மண்ணில் அளப்பதில்லை. களி படிந்த அடுக்கின் மேல் 50 செ.மீ.யில் மட்டும்தான் பார்ப்பார்கள். உங்கள் நிலத்தில் அது 16-லிருந்து 66 செ.மீ. வரை. அங்கே சரளையின் சராசரி 42 சதவீதம், களி 39. எனவே பெயர் சரி. ஆனால் காபி வேர் பெரும்பங்கு மேய்கிற முதல் 16 செ.மீ.யில் சரளை 25 சதவீதம்தான். பெயரைப் பார்த்துப் பயந்ததில் பாதிப் பயம் இங்கேயே போய்விட வேண்டும். உலக மண் வகைப்பாடு என்று இன்னொரு முறை இருக்கிறது. அதில் மேலிருந்து 1 மீட்டர் வரை, அல்லது அதற்குள் பாறை வந்தால் அதுவரை, சராசரி 40 சதவீதம் இருந்தால்தான் 'ஸ்கெலிட்டிக்' என்பார்கள். உங்கள் மூன்று அடுக்குக்கும் சராசரி போட்டேன், 39.9 வருகிறது. கண்ணால் மதிப்பிட்ட சரளை அளவில் 5 சதவீதம் கூடக்குறைய இருப்பது சாதாரணம். எனவே எந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று இதில் சண்டை போடுவது வீண்.

சரளையை அளப்பதில் பலரும் தவறுவது எடைக்கும் கன அளவுக்கும் இடையில். நானும் ஆரம்பத்தில் எடை பார்த்துவிட்டு, பாதிக்குப் பாதி கல் என்று ஒரு நிலத்தைப் பற்றி எழுதி வைத்திருக்கிறேன். கல்லின் அடர்த்தி சுமார் 2.65, காட்டு மண்ணின் அடர்த்தி சுமார் 1.2. அதனால் எடையில் சரிபாதி கல் என்றால் கன அளவில் அது 31 சதவீதம்தான். ஸ்கெலிட்டல் என்ற கோட்டைத் தொடவே இல்லை. வீட்டிலேயே சரியாக அளக்க வழி இருக்கிறது. ஓர் அடி அகலத்துக்கு ஒரு சிறு குழி எடுத்து, வரும் மண்ணையும் கல்லையும் சிந்தாமல் ஒரு சாக்கில் சேருங்கள். குழிக்குள் மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்ட விரித்து, லிட்டர் கணக்கில் தண்ணீர் ஊற்றி நிரப்புங்கள். 8 லிட்டர் பிடித்தது என்று வைத்துக்கொள்வோம். சாக்கில் இருப்பதை 2 மி.மீ. வலையில் போட்டுத் தண்ணீரில் அலசி, நிற்கிற கல்லை அளவு போட்ட வாளித் தண்ணீரில் போடுங்கள். தண்ணீர் 3 லிட்டர் ஏறினால், கல் 37.5 சதவீதம். ஒரு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும்: விரலால் நசுக்கினால் உதிர்கிற நைந்த பாறைத் துண்டு கல்லாகாது. அதற்குள் வேர் போகும், ஈரம் நிற்கும். அலசும்போதே அதை நசுக்கிப் பார்த்து மண் பக்கம் தள்ளிவிடுங்கள்.

இத்தனை கவனம் எதற்கு என்றால், உங்கள் அறிக்கையில் உள்ள எண்கள் எல்லாமே சலித்த மண்ணுக்கு உரியவை. ஆய்வகத்தில் 2 மி.மீ. சல்லடைக்கு மேல் நிற்பதை ஓரம் வைத்துவிட்டு, கீழே விழுந்ததில்தான் சோதனை செய்வார்கள். வயல் மண்ணுக்கு அதில் தவறில்லை, ஏனென்றால் அங்கே கல்லே கிடையாது. மலைச்சரளை மண்ணுக்கு இது பெரிய வித்தியாசம். ஆய்வகத்தின் மில்லியனில் பங்கு என்ற எண்ணை ஹெக்டேருக்கு இத்தனை கிலோ என்று மாற்ற 2.24-ஆல் பெருக்குவது வழக்கம். மேல் 15 செ.மீ. மண் ஒரு ஹெக்டேருக்கு 22.4 லட்சம் கிலோ என்ற கணக்கு அது. உங்கள் மேல்மண் பொலபொலவென்று, அடர்த்தி 1.1 அளவில் இருக்கும். அதில் கால்வாசி கல். பெருக்கிப் பார்த்தால் சுமார் 12.4 லட்சம் கிலோதான் வரும். அறிக்கை 'இவ்வளவு கிலோ சத்து இருக்கிறது' என்று சொல்வதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் உண்மையில் இருக்கிறது. சுண்ணாம்பு அளவுக்கும் இதே கழிவு உண்டு, ஆனால் அங்கே அது உங்களுக்கு லாபம்: கல்லுக்குச் சுண்ணாம்பு தேவையில்லை. அட்டவணைப்படி முழு அளவையும் கொட்டினால் மேல்மண் வேண்டியதைவிடக் காரமாகும். மட்கிலும் அப்படித்தான். 2.3 சதவீதம் கரிமம் என்றால் முதல் 16 செ.மீ.யில் ஏக்கருக்கு 16 டன் என்று கணக்கு வரும். கல்லைக் கழித்தால் 12 டன்.

தண்ணீர்க் கணக்குதான் எனக்கு அதிகக் கவலை தருவது. சலித்த மண் தன் கன அளவில் 14 சதவீதம் பயிருக்குக் கிடைக்கும் நீரைப் பிடிக்கும் என்று வைத்தால், 95 செ.மீ. ஆழத்துக்கு 133 மி.மீ. கல்லைக் கழித்தால் 80. காபியும் நிழல் மரமும் சேர்ந்து நாளுக்கு 4 மி.மீ. உறிஞ்சினால், 33 நாள் தாங்க வேண்டிய ஈரம் 20 நாளில் தீர்ந்துவிடும். பிப்ரவரியில் பக்கத்துச் சமதளத்துச் செடி பச்சையாக நிற்க உங்கள் செடி இலை தொங்குகிறது என்றால், காரணம் பெரும்பாலும் நோய் கிடையாது, இந்த 13 நாள்தான்.

அப்படியானால் கல்லைப் பொறுக்குவது நல்லதுதானே என்று கேட்கலாம். மேலே கிடக்கும் சரளையை எடுத்தால் மழைத்துளி நேராக மண்ணில் அடிக்கும். அந்தக் கல் அங்கே கிடப்பதற்குக் காரணமே, சுற்றியிருந்த நயமான மண்ணை மழை கொண்டுபோனதுதான். இப்போது அது கவசமாக மீதி மண்ணைக் காத்துக்கொண்டிருக்கிறது. எடுத்தால் அடுத்த மழையில் இன்னும் கொஞ்சம் மண் இறங்கி, புதுச் சரளை மேலே வரும். லாரிச் செம்மண் அதைவிட மோசம். வேரும் சருகும் பின்னிக் கட்டாத தளர்ந்த மண் சரிவில் ஒட்டி நிற்காது. ஐப்பசி மழையில் பெரும்பகுதி கீழே ஓடைக்குப் போகும். நின்ற மண்ணும், காடு பல்லாண்டாகச் சேர்த்த கருப்பு மேல்மண்ணை மூடி மூச்சடைக்க வைக்கும். காசு கொடுத்துச் செய்கிற கெடுதல் அது. குழி வெட்டும்போது குறுக்கே வருகிற உருட்டுக்கல்லை மட்டும் எடுத்து, சரிவுக்குக் குறுக்கே சம உயரத்தில் கல்கட்டாக அடுக்குங்கள். ஆழத்துச் சரளையைத் தொட வேண்டாம்; களி இவ்வளவு உள்ள மண்ணில் தண்ணீர் இறங்க வழிவிடுவதே அந்தக் கற்கள்தான்.

உரத்தை ஒரே தடவையாகப் போடாமல் மூன்று நான்காகப் பிரித்துப் போடுங்கள். சரளை இடுக்கு வழியாகத் தழைச்சத்து சீக்கிரம் இறங்கிவிடும், பிடித்துவைக்க மண் குறைவு. சருகைக் கூட்டி எரிப்பதை அடியோடு நிறுத்துங்கள். இந்த மண்ணில் ஈரத்தைக் கூட்ட நம் கையில் இருப்பது மேல் ஒரு சாண் மட்கு மட்டும்தான்.

இன்னொன்று. ஓர் அறிக்கையை வைத்து 3 ஏக்கரையும் எடை போடாதீர்கள். மலைச்சரிவில் நூறடிக்கு மண் மாறும். மேட்டில் 50 செ.மீ.க்குள் பாறை வந்தால் பெயரில் 'லித்திக்' ஏறும். களி படியாத செங்குத்தில் அது இன்செப்டிசால் என்ற வேறு பெரும்பிரிவாக இருக்கும், வெறும் கல்லும் மேல்மண்ணுமாக இருந்தால் என்டிசால் என்ற இன்னொரு பெரும்பிரிவு. ஓடைப் பள்ளத்தில் கரிய, ஆழமான, கல் குறைந்த மண் கிடைக்கலாம். மிளகை அங்கிருந்து தொடங்குங்கள். எங்கே குழி எடுப்பது என்று தெரியாவிட்டால், வெகுநாள் அங்கே வேலை செய்த ஒருவரிடம் கடப்பாரையைக் கொடுங்கள். ணங்கென்று கை அதிர்ந்தால் பாறை, கறுக்கென்று உரசி இறங்கினால் சரளை, சத்தமே இல்லாமல் போனால் நல்ல ஆழம். தோட்டம் முழுக்க இருபது முப்பது இடத்தில் குத்திப் பார்த்து ஒரு தாளில் குறித்தால் ஒரு காலை வேலைதான், அதில் நான்கைந்து திட்டு தானாகத் தெரியும்.

அடுத்த முறை மாதிரி எடுக்கும்போது ஒவ்வொரு திட்டுக்கும் தனிப்பை போடுங்கள். அலசிய சரளையின் கன அளவைப் பையின் மேலேயே எழுதி, ஹெக்டேர்க் கணக்கு போடும்போது அதைக் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள். அவர்கள் கழிக்காவிட்டால், மேலே சொன்ன கணக்கை வைத்து நீங்களே கழித்துக்கொள்ளலாம்.